பேய் வரும் நாளில் கொஞ்சம் காரம்!



அக்டோபர் பிறந்தால் போதும்... அமெரிக்காவில் இருக்கும் நம்ம வீட்டுப் பெண்களிடமிருந்து ஊரில் இருக்கும் அம்மாக்களுக்கு ஒரு போன் வந்துவிடும். "அம்மா, ஹாலோவீன் பார்ட்டிக்கு பத்துப் பன்னிரண்டு குழந்தைங்க வருதுங்க. காரமா என்ன பண்றது?" அம்மாவுக்கு ஹாலோவீன் என்றால் என்னவென்றே தெரியாது. பெண்ணுக்கோ, பேசாமல் நாலு பீட்சா வாங்கி வைத்துவிடலாமா என்று தோன்றும். ஆனால் மனசு கேட்காது. நியூஜெர்சியில் குடியிருந்துகொண்டு வருடா வருடம் இந்தப் பார்ட்டிக்கு அடுப்படியில் நிற்பவள் நான். அதனால் அம்மா, பெண் இரண்டு பேருக்கும் சேர்த்தே இந்தக் கடிதத்தை எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அன்று ராத்திரி குழந்தைகளுக்கு இனிப்புக்குப் பஞ்சமே கிடையாது. பை பையாகக் கொண்டு வந்து கொட்டுவார்கள். காரசாரமாக, வயிறு நிறைகிற மாதிரி, வந்திருக்கும் எந்தக் குழந்தையும் பயமில்லாமல் எடுத்துச் சாப்பிடுகிற மாதிரி ஒரு தட்டுதான் அன்றைக்குத் தேவை. அந்த ஒரு தட்டை நாம் வைத்துவிட்டால் போதும்.

பேய்க்கு ஒரு பண்டிகையா?

ஊரிலிருந்து வந்து தங்கியிருக்கும் மாமியார்கள் முதலில் கேட்கும் கேள்வி இதுதான். "வெள்ளிக்கிழமையும் அதுவுமா வாசல்ல எலும்புக்கூட்டைத் தொங்க விடுறீங்களே, விளங்குமாடி?" என்பார்கள்.

விஷயம் தெரிந்தால் அவர்களே சமாதானமாகிவிடுவார்கள். நவம்பர் 1 கிறிஸ்தவர்களுக்குப் புனிதர் அனைவரின் திருநாள். மறுநாள் நவம்பர் 2, நம்ம நாகர்கோவில், தூத்துக்குடிப் பக்கமெல்லாம் கல்லறைத் திருநாள் என்று மெழுகுவர்த்தி ஏற்றிக் கும்பிடுகிறார்களே, அதே நாள்தான். அந்தத் திருநாளுக்கு முந்தைய சாயங்காலம், அதாவது அக்டோபர் 31, ஹாலோவீன். அந்தப் பெயருக்கே 'புனிதர்களின் திருநாளுக்கு முந்தைய மாலை' என்றுதான் அர்த்தம். அதற்கும் முன்னால், அயர்லாந்திலும் ஸ்காட்லாந்திலும் அறுவடை முடிந்து குளிர்காலம் தொடங்கும் நாளாக இதைக் கொண்டாடினார்கள். 'சவின்' என்று அதற்குப் பெயர். அன்று இறந்துபோன சொந்தக்காரர்களின் ஆவி வீடு தேடி வரும் என்று நம்பி, அவர்களுக்கும் சாப்பாடு எடுத்து வைத்திருக்கிறார்கள். மகாளய அமாவாசைக்குப் படையல் போடுகிற நமக்கு இது புரியாதா என்ன?

வாசலில் வைக்கும் பரங்கிக்காய் முகமும் அப்படித்தான். அயர்லாந்தில் டர்னிப் கிழங்கைக் குடைந்து, கண்ணும் பல்லும் வெட்டி, உள்ளே நெருப்பு வைத்துக் கெட்ட ஆவிகளை விரட்டினார்கள். 1845-ல் அங்கே உருளைக்கிழங்குப் பயிர் அழுகிப் பஞ்சம் வந்தபோது லட்சக்கணக்கான ஜனங்கள் அமெரிக்காவுக்குக் கப்பலேறினார்கள். வந்த இடத்தில் கிழங்கைவிடப் பெரிதாக, குடைவதற்குச் சுலபமாகக் கிடைத்தது பரங்கிக்காய். நாம் மட்டும் என்ன... கட்டடம் கட்டும் இடத்தில் வெண்பூசணிக்கு மீசையும் கோரைப்பல்லும் வரைந்து கட்டுவதில்லையா? என் மாமியாரிடம், "இது அவங்க ஊர் திருஷ்டிப் பூசணி, அத்தை" என்று சொன்னேன். அதற்குப் பிறகு அவரே ஒரு காய்க்குக் கண் வெட்டினார்!

ஆதியில் காரம்தான்!

இந்தப் பண்டிகைக்கு இனிப்பு சேர்ந்தது பிற்பாடுதான் என்று சொன்னால் நிறையப் பேர் நம்ப மாட்டார்கள். பழைய அயர்லாந்தில் திருநாளுக்கு முந்தைய நாள் ஒருசந்தி மாதிரி, மாமிசம் தொடக்கூடாது. அதனால் ஹாலோவீன் சாயங்காலச் சாப்பாடு என்றால் உருளைக்கிழங்குதான். உருளைக்கிழங்கும் கோஸும் மசித்து வெண்ணெய் போட்ட 'கோல்கேனன்', துருவிய கிழங்கில் செய்த 'பாக்ஸ்டி' என்கிற அடை, இவையெல்லாம் அன்றைய பலகாரங்கள். உலர்ந்த பழம் போட்ட 'பார்ம்பிராக்' என்கிற ரொட்டியும் உண்டு. கோல்கேனனுக்குள்ளே மோதிரம், காசு, விரலுறை என்று ஒளித்து வைப்பார்களாம். மோதிரம் கிடைத்தால் கல்யாணம், காசு கிடைத்தால் பணம், தையல்காரர் போடும் விரலுறை கிடைத்தால் கடைசிவரை கன்னி! கல்யாணப் பேச்சு இல்லாத பண்டிகை எந்த ஊரிலும் கிடையாது போலிருக்கிறது.

பிறகு எப்படி மிட்டாய் வந்தது? 1920, 30-களில் அமெரிக்க ஊர்களில் அன்று ராத்திரி பையன்களின் சேஷ்டை தாங்க முடியாமல் போயிருக்கிறது. கதவைக் கழற்றுவது, ஜன்னலை உடைப்பது என்று ஒரே ரகளை. இவர்களை வீட்டுக்குள்ளே பிடித்து வைக்கத்தான் அம்மாக்களும் ஊர்ப் பெரியவர்களும் பார்ட்டி வைத்துச் சாப்பாடு போட்டிருக்கிறார்கள். வீடு வீடாகப் போய்த் தின்பண்டம் கேட்கும் வழக்கம் பரவியதும் அந்தக் காலத்தில்தான். இரண்டாம் உலகப் போரில் 1942 முதல் 1947 வரை சர்க்கரைக்கு ரேஷன். ரேஷன் போனதும் மிட்டாய் கம்பெனிகள் பிடித்துக்கொண்டன. 1950-களில் இருந்து ஹாலோவீன் என்றாலே மிட்டாய் என்று ஆகிவிட்டது.

அதனால் கறிகாய், கிழங்கு வைத்துக் காரம் செய்கிற நம்ம பெண்கள் ஊர் வழக்கத்தை மாற்றுகிறோமோ என்று சங்கடப்படவே வேண்டாம். பழைய வழக்கத்துக்குத்தான் திரும்பப் போகிறோம்.

சமைக்கும் முன்னால் ஒரு கேள்வி

இனிமேல் சொல்லப்போவதைச் சகோதரிகள் தயவுசெய்து தாண்டிப் போகாமல் படியுங்கள். பலகாரத்தைவிட இது முக்கியம்.

வரப்போகிற குழந்தைகளின் அம்மாக்களிடம், "உங்க குழந்தைக்கு எது ஒத்துக்காது?" என்று ஒரு வாரம் முன்பே கேட்டுவிடுங்கள். நம்ம ஊரில் 'ஒத்துக்காது' என்றால் சளி பிடிக்கும், வயிறு உப்பும், அவ்வளவுதான். இது அப்படி இல்லை. சில குழந்தைகளுக்கு ஒரு துளி நிலக்கடலை பட்டால்கூடத் தொண்டை வீங்கி மூச்சு அடைத்துவிடும். உடனே தொடையில் எபிநெஃப்ரின் ஊசி போட்டு ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். உயிர்ப் பிரச்னை.

பாக்கெட் உணவில் எதையெல்லாம் கண்டிப்பாகக் குறிப்பிட வேண்டும் என்று அமெரிக்காவில் 2004-ல் ஒரு சட்டம் வந்தது. பால், முட்டை, மீன், இறால் நண்டு வகை, முந்திரி பாதாம் போன்ற பருப்புகள், நிலக்கடலை, கோதுமை, சோயா என்று எட்டு. 2021-ல் போட்ட சட்டத்தில் ஒன்பதாவதாக எள்ளையும் சேர்த்தார்கள். 2023 ஜனவரி 1 முதல் அது அமலில் இருக்கிறது. இப்போது நம்ம அடுக்களை அலமாரியைத் திறந்து பாருங்கள். முறுக்கில் எள், மிக்சரில் நிலக்கடலை, பக்கோடாவில் முந்திரி, பொரிப்பதற்குக் கடலெண்ணெய், தாளிக்க நல்லெண்ணெய்! நல்லெண்ணெய் என்றால் எள் எண்ணெய்தான் என்பது பக்கத்து வீட்டு அமெரிக்க அம்மாவுக்கு எப்படித் தெரியும்? நாம்தான் சொல்ல வேண்டும்.

இன்னொன்று, நிறையப் பேர் யோசிக்காதது: பெருங்காயத் தூள். டப்பாவில் வரும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவோ மைதாவோ கலந்திருக்கும். கோதுமை ஆகாத குழந்தைக்கு "வெறும் அரிசி மாவுதான்" என்று நாம் கொடுக்கும் முறுக்கிலும் கோதுமை இருந்துவிடும். டப்பாவின் பின்பக்கத்தைப் படித்துப் பார்த்துவிட்டுப் போடுங்கள்.

எங்கள் குடியிருப்பில் ஏழு வயதுப் பையன் ஒருவன். நிலக்கடலை, எள் இரண்டும் ஆகாது. எந்தப் பார்ட்டிக்குப் போனாலும் அவன் அம்மா ஒரு டிபன் டப்பாவோடுதான் வருவார். எல்லாக் குழந்தைகளும் மேஜையைச் சுற்றி நின்று எடுத்துச் சாப்பிடும்போது, இவன் மட்டும் நாற்காலியில் உட்கார்ந்து டப்பாவைத் திறப்பான். ஒரு வருடம் நான் செய்த ஐட்டங்களின் பக்கத்தில் என்னென்ன போட்டேன் என்று எழுதி வைத்து, வாங்கிய மாவு, எண்ணெய் பாக்கெட்டுகளையும் தூக்கிப் போடாமல் ஒரு கூடையில் வைத்திருந்தேன். அந்த அம்மா ஒவ்வொன்றாக எடுத்துப் படித்தார். "இந்தக் கரண்டி வேற எதிலயாவது பட்டுச்சா?" என்று கேட்டார். இல்லையென்றேன். அப்புறம் பையனிடம், "நீ போய் எடுத்துக்கோ" என்றார். அவன் உடனே போகவில்லை. "எதை?" என்று கேட்டான். "எதை வேணும்னாலும்" என்றார் அவர். அந்தப் பையன் மேஜைப் பக்கம் போன வேகத்தைப் பார்த்த பிறகு, இந்த எழுதி வைக்கும் வேலையை நான் ஒரு வருடமும் விட்டதில்லை.

2014-ல் இருந்து அமெரிக்கா முழுக்க ஒரு நல்ல வழக்கம் நடக்கிறது. வாசலில் மயில்கழுத்துக் கலரில் பெயின்ட் அடித்த பரங்கிக்காய் வைத்திருந்தால், "இந்த வீட்டில் தின்பண்டத்துக்குப் பதில் பென்சில், ஸ்டிக்கர் மாதிரி சாமானும் தருவோம்" என்று அர்த்தம். ஒவ்வாமை உள்ள குழந்தைகளும் தைரியமாகக் கதவைத் தட்டலாம். செலவே இல்லாத உபகாரம். நீங்களும் ஒன்று வையுங்களேன்!

இனி பலகாரம்...

பல பள்ளிக்கூடங்களில் வீட்டுச் சமையலை உள்ளே விடுவதில்லை. லேபிள் ஒட்டிய பாக்கெட் மட்டும்தான். எனவே கீழே சொல்லியிருப்பதெல்லாம் வீட்டுப் பார்ட்டிக்கு. எல்லாம் சைவம். முட்டை, நிலக்கடலை, முந்திரி, எள் எதிலும் இல்லை. பால், கோதுமை இருப்பதை அங்கங்கே சொல்லியிருக்கிறேன். பத்துப் பன்னிரண்டு குழந்தைகளுக்கான அளவு.

1. பரங்கி முகக் குடைமிளகாயில் கோல்கேனன்

தேவை: ஆரஞ்சு நிறக் குடைமிளகாய் 12 (சிறியது), உருளைக்கிழங்கு 1 கிலோ, கோஸ் கால் கிலோ, வெங்காயத்தாள் 1 கட்டு, பால் 1 கப், வெண்ணெய் 75 கிராம், உப்பு, மிளகுத்தூள்.

செய்முறை: கிழங்கைத் தோல் சீவி, பெரிய துண்டாக வெட்டி, உப்புத் தண்ணீரில் வேகவைத்து வடியுங்கள். வடித்த பாத்திரத்திலேயே ஒரு நிமிஷம் அடுப்பில் வைத்து ஈரத்தை வற்ற விட்டு, சூட்டோடு சூடாக மசியுங்கள். மிக்ஸியில் மட்டும் போட்டுவிடாதீர்கள். பசை மாதிரி இழுக்கும். கோஸை மெல்லியதாக நறுக்கி ஐந்து நிமிஷம் வேகவைத்து ஒட்டப் பிழியுங்கள். பாலில் வெங்காயத்தாளைப் போட்டு ஒரு கொதி வந்ததும் கிழங்கில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கிளறி, கோஸ், வெண்ணெய், உப்பு, மிளகு சேருங்கள். குடைமிளகாயின் தலையைச் சீவி, விதையை எடுத்து, பக்கவாட்டில் சின்னக் கத்தியால் முக்கோணக் கண்ணும் வாயும் வெட்டி, மசியலை நிரப்புங்கள். மூடியை மேலே வைத்து ஓவனில் 375 டிகிரி பாரன்ஹீட்டில் (சுமார் 190 செல்சியஸ்) 20 முதல் 25 நிமிஷம். மிளகாய் லேசாகத் துவண்டால் போதும். ரொம்ப வெந்தால் முகம் கோணிக்கொள்ளும்.

பால் ஆகாத குழந்தை வந்தால், பாலுக்குப் பதில் கிழங்கு வெந்த தண்ணீரும், வெண்ணெய்க்குப் பதில் ஆலிவ் எண்ணெயும் விட்டு மசியுங்கள். ருசி குறையாது. இதில் கோதுமையும் இல்லை என்பதால் எல்லாக் குழந்தைக்கும் ஆகும் ஐட்டமாக இதையே வைத்துக்கொள்ளலாம். மோதிரம், காசு ஒளிப்பதெல்லாம் கதையோடு இருக்கட்டும், குழந்தைகள் விழுங்கிவிடும்!

2. சூனியக்காரி விரல்

அமெரிக்கர்கள் இதை இனிப்பு பிஸ்கட்டாகச் செய்து, நகத்துக்குப் பாதாம் பதிப்பார்கள். நம்ம விரல் காரம். நகத்துக்குப் பூசணி விதை.

தேவை: மைதா 2 கப், வெண்ணெய் 100 கிராம், துருவிய செடார் சீஸ் 100 கிராம், ஓமம் 1 டீஸ்பூன், மிளகாய்த்தூள் அரை டீஸ்பூன், உப்பு, தோல் நீக்கிய பச்சைப் பூசணி விதை ஒரு கைப்பிடி.

செய்முறை: வெண்ணெய் குளிர்ச்சியாக இருக்கும்போதே மைதாவில் பிசிறி, சீஸ், ஓமம், மிளகாய்த்தூள், உப்பு சேர்த்து, மூன்று நான்கு ஸ்பூன் ஐஸ் தண்ணீர் தெளித்துப் பிசையுங்கள். சுண்டுவிரலைவிட மெல்லியதாக உருட்டுங்கள், வேகும்போது பருக்கும். நடுவே கத்தியால் லேசாக மூன்று கோடு போட்டால் விரல் கணு. நுனியில் விதையை அழுத்துங்கள். ஃபிரிட்ஜில் 20 நிமிஷம் வைத்துவிட்டு, 375 டிகிரியில் 18 முதல் 20 நிமிஷம். ஆறினால் மொறுமொறுவென்று இருக்கும். இரண்டு நாள் முன்னாலேயே செய்து டப்பாவில் போடலாம். (பால், கோதுமை உண்டு.) நான்கு வயதுக்குக் கீழே உள்ள குழந்தைக்கு விதையை எடுத்துவிட்டு, சிவப்புக் குடைமிளகாயில் ஒரு சிறு துணுக்கு வையுங்கள்.

3. மம்மிச் சுருள்

எகிப்தில் துணி சுற்றிப் புதைத்தார்களே, அந்த மம்மி! இங்கே சாசேஜில் செய்வார்கள். நாம் கேரட்டிலும் பனீரிலும் செய்யலாம்.

தேவை: கடையில் உறைய வைத்து விற்கும் பஃப்ஸ் மாவு 1 பாக்கெட், கேரட் அல்லது பனீர் விரல் நீளத் துண்டுகள் 20, கரம் மசாலா, மிளகாய்த்தூள், உப்பு, கறுப்பு ஆலிவ் சில.

செய்முறை: கேரட்டானால் பாதி வேகவைத்துத் துடைத்துக்கொள்ளுங்கள். மசாலாவில் புரட்டுங்கள். பஃப்ஸ் மாவை முழுக்க இளக விடாமல், கையில் வளைகிற பதத்தில் கால் அங்குல நாடாக்களாக வெட்டி, துண்டின் மேல் குறுக்கும் நெடுக்குமாகச் சுற்றுங்கள். ஒரு பக்கம் முகத்துக்கு இடம் விடுங்கள். 400 டிகிரியில் (சுமார் 200 செல்சியஸ்) 18 முதல் 20 நிமிஷம், பொன்னிறமாக. வெளியே எடுத்ததும் ஆலிவ் துணுக்கில் இரண்டு கண். தொட்டுக்கொள்ளத் தக்காளித் தொக்கு. குழந்தைகளிடம் "ரத்தம்" என்று சொல்லிக்கொள்ளலாம்! தொக்குக்கு நல்லெண்ணெய் வேண்டாம், சூரியகாந்தி எண்ணெய் விடுங்கள். (கோதுமை உண்டு, பனீர் என்றால் பாலும். பஃப்ஸ் பாக்கெட்டில் வேறு என்ன சேர்த்திருக்கிறார்கள் என்று படிக்கவும்.)

4. சிலந்தி வலை

தேவை: வேகவைத்த கறுப்பு பீன்ஸ் டப்பா 2, பூண்டு 2 பல், வறுத்துப் பொடித்த சீரகம் 1 டீஸ்பூன், எலுமிச்சம் பழம் 1, எண்ணெய் 2 ஸ்பூன், உப்பு, துணியில் கட்டித் தொங்கவிட்ட கெட்டித் தயிர் அரை கப், கறுப்பு ஆலிவ் 2.

செய்முறை: தயிர், ஆலிவ் தவிர மற்றதை நைசாக அரைத்து அகலத் தட்டில் பரப்புங்கள். தயிரை உப்புப் போட்டுக் கடைந்து, பிளாஸ்டிக் உறையில் நிரப்பி, ஒரு மூலையில் துளி வெட்டி, மசியலின் மேல் ஒன்றுக்கு வெளியே ஒன்றாக நான்கு வட்டம் விடுங்கள். பல்குத்தும் குச்சியால் நடுவிலிருந்து வெளிப்பக்கமாக எட்டு இழுப்பு இழுத்தால் வலை வந்துவிடும். கோலம் போடத் தெரிந்த கைக்கு இது ஒரு பிரமாதமா! ஆலிவைப் பாதியாக வெட்டி உடம்பு, மெல்லிய கீற்றுகளால் எட்டுக் கால். சோளச் சிப்ஸ், வெள்ளரித் துண்டு தொட்டுச் சாப்பிட. (தயிரால் பால் உண்டு. தயிர் இல்லாமல் ஒரு கிண்ணம் தனியே எடுத்து வையுங்கள்.)

5. பூசணி விதை வறுவல்

பரங்கிக்காய் குடையும்போது விதையைக் குப்பையில் போடாதீர்கள். நார் போக அலசி, உப்புத் தண்ணீரில் 10 நிமிஷம் கொதிக்க வைத்து வடித்து, துணியில் நன்றாக உலர்த்துங்கள். ஒரு ஸ்பூன் எண்ணெய், மிளகாய்த்தூள், மஞ்சள்தூள், உப்பு பிசறி, தட்டில் ஒற்றை வரிசையாகப் பரப்பி 325 டிகிரியில் (சுமார் 160 செல்சியஸ்) 25 நிமிஷம். நடுவில் ஒரு தடவை கிளறி விடுங்கள். தோலோடு மெல்லலாம். இது பெரிய பிள்ளைகளுக்கும், குழந்தையைக் கூட்டி வந்த அப்பாக்களுக்கும்தான். பொடிசுகளுக்குக் கொடுக்க வேண்டாம், தொண்டையில் சிக்கும்.

பரங்கிக்காய் வாங்கும்போது...

பரங்கிக்காயின் பூர்வீகமே அமெரிக்கக் கண்டம்தான். 'பரங்கி' என்ற பெயரிலேயே அது வெளியூர்ச் சரக்கு என்பது தெரிகிறதே! ஆனால் முகம் வெட்டுவதற்கென்று விற்கும் பெரிய காயைக் கூட்டுக்கு வாங்காதீர்கள். ஒரே தண்ணீரும் நாருமாக இருக்கும், இனிப்பே இருக்காது. சமையலுக்குச் சின்னதாக, உருண்டையாக 'பை பம்ப்கின்' என்று தனியே விற்பார்கள். கூட்டு, புளிக்குழம்பு எது வைத்தாலும் நம்ம ஊர்க் காய் மாதிரியே இருக்கும். முகம் வெட்டி மெழுகுவர்த்தி ஏற்றி, இரண்டு நாள் வாசலில் இருந்த காயை, வீணாகிறதே என்று எடுத்துச் சமைக்கவே கூடாது.

நேரமும் பக்குவமும்

* குழந்தைகள் வேஷம் கட்டிக்கொண்டு தெருவில் இறங்கும் முன், சாயங்காலம் ஐந்து மணிக்கே சாப்பாடு போட்டுவிடுங்கள். ஆறு மணி சுமாருக்கு இருட்டிவிடும். அதற்குப் பிறகு எந்தக் குழந்தையும் தட்டுப் பக்கம் திரும்பாது. வயிறு நிறைந்து போகிற குழந்தை, வழியிலேயே மிட்டாயைப் பிரித்துத் தின்னாது. வீட்டுக்கு வந்தபின் நாம் ஒரு பார்வை பார்த்துப் பிரித்துக் கொடுக்கலாம்.

* சமைத்ததை மேஜையில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்க வேண்டாம். மீதியை ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள்.

* ஒவ்வொரு தட்டுக்கும் தனிக் கரண்டி, ஒரு சின்ன அட்டை. 'பால் உண்டு, கோதுமை உண்டு' என்று பளிச்சென்று எழுதுங்கள். ஒன்றுமே ஆகாத குழந்தைக்கான தட்டை முதலில், தனியாக எடுத்து வைத்துவிடுங்கள்.

* எள் முறுக்கு சுட்ட எண்ணெயிலேயே இன்னொன்றைப் பொரித்துவிட்டு, "இதில் எள் போடலை" என்று சொல்லக்கூடாது. கடலை தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். கிருமிநாசினி தடவினால் கிருமிதான் சாகும், கடலை போகாது.

* மூன்று வயது, நாலு வயதுப் பொடிசுகள் கூட்டத்தில் இருந்தால் பாப்கார்ன், கொட்டைப் பருப்பு, முழு திராட்சை, பச்சை கேரட் துண்டு இவற்றை அவர்கள் கைக்கு எட்டும்படி வைக்காதீர்கள்.

தீபாவளியும் சேர்ந்து வந்தால்?

தீபாவளியும் ஹாலோவீனும் சில வருடங்களில் முட்டிக்கொள்ளும். 2024-ல் தமிழ்நாட்டில் தீபாவளி வந்ததே அக்டோபர் 31-ம் தேதிதான்! அப்படி வரும் வருடத்தில் பெண்களுக்கு இரட்டை வேலை. ஒரு யோசனை சொல்கிறேன். தீபாவளிக்குத் தேன்குழல் பிழியும்போது, எள்ளைத் தவிர்த்துச் சீரகம் மட்டும் போட்டு, புது எண்ணெயில் முதல் ஈடு எடுத்து விடுங்கள். வட்டமாகச் சுற்றாமல் நீட்டாகப் பிழிந்து உடைத்தால், 'புழு' என்று சொல்லி ஹாலோவீன் தட்டிலும் வைக்கலாம். அடுத்த ஈட்டில் உங்கள் வழக்கப்படி எள் போட்டுக்கொள்ளுங்கள். ஒரே மாவு, இரண்டு பண்டிகை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இங்கே பிறந்து வளரும் நம்ம குழந்தைகளில் சிலருக்கு, "என் வீட்டுச் சாப்பாட்டை ஃபிரெண்ட்ஸ் பார்த்தா சிரிப்பாங்களோ" என்ற கூச்சம் உண்டு. "அதெல்லாம் ஒண்ணும் இல்லை, பேசாம இரு" என்று அதட்டிப் பிரயோஜனமில்லை. விரலுக்கு நகம் வைக்கிற வேலையை, சிலந்திக்குக் கால் வைக்கிற வேலையை அவர்கள் கையில் கொடுத்துவிடுங்கள். "இதை நான்தான் பண்ணினேன்" என்று அவர்களே தட்டைத் தூக்கிக்கொண்டு நடப்பார்கள். ஓமமும் சீரகமும் அப்புறம் பழகிவிடும்.

ஊரில் இருக்கும் அம்மாக்களே... அக்டோபரில் பெண் போன் செய்து "என்ன பண்றது?" என்று கேட்டால், "பேய்க்கெல்லாம் என்னடி சமையல்!" என்று வைத்துவிடாதீர்கள். "வர்ற குழந்தைங்களுக்கு எது ஆகாதுன்னு முதல்ல கேட்டியா?" என்று கேளுங்கள். பிறகு உருளைக்கிழங்கை வேகவைக்கச் சொல்லுங்கள். மற்றதை அவள் பார்த்துக்கொள்வாள்.

- ஒரு வாசகி, நியூஜெர்சி.